சத்தமில்லாத கிணற்று ராட்டினம்

கருங்கல் தூணில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் முதலில் குளிர் தெரியும், பிறகு அந்தக் குளிர் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரைக்கும் ஏறும், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கல் நம் சூட்டை வாங்கிக்கொண்டு நம்மோடு சமாதானமாகிவிடும். கோட்டையூரில் எங்கள் வீட்டு "வளவு" முற்றத்தைச் சுற்றி நின்ற தூண்கள் அப்படிப்பட்டவை. கனவில் வந்த தூண்கள் மட்டும் எத்தனை நேரம் பிடித்துக்கொண்டு நின்றாலும் சூடேறாது. இந்த வித்தியாசத்தை நான் ஏழு வயதில் கண்டுபிடித்தேன், ஆனால் அது தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில் கோட்டை விட்டேன்.

என்னைப் பெற்ற அப்பச்சி ரங்கூனில் இருந்தார். எங்கள் பக்கத்து ஆண்கள் "கொண்டுவிக்க", அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் திரும்புவார்கள், வந்தவர்கள் சில மாதம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறுவார்கள். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை என்பது பெரியவர்கள் முடிவு, ஆகையால் யாரும் அழமாட்டார்கள். அப்பச்சி புறப்பட்டபோது எனக்கு நான்கு வயது. அவருடைய சால்வையின் கற்பூர வாசமும், என்னைத் தூக்கியபோது கன்னத்தில் உறுத்திய முள்தாடியும் நினைவிருந்தன, முகம் மட்டும் இல்லை. ஆத்தாவிடம் கேட்டால், "ஒன் மூஞ்சி மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நானும் கண்ணாடி முன் நின்று எனக்கு மீசை வைத்துப் பார்த்திருக்கிறேன். பலிக்கவில்லை.

அந்தப் பெரிய வீட்டில் அப்போது எங்களோடு இருந்தவர், அப்பச்சியின் அண்ணன் மனைவியான பெரியாத்தா. அடுப்பு வேறு, உலை வேறு, வாய் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. பல்லி விழுந்த பலனிலிருந்து கனவின் பலன் வரைக்கும் அவரைக் கேட்காமல் தெருவில் ஒருவரும் அடுத்த காரியத்தில் இறங்கமாட்டார்கள்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு விடியற்காலையில் அந்தக் கனவு முதல்முதலாக வந்தது. முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் கதவுகளெல்லாம் திறந்து கிடக்கின்றன, கடைசி வாசல் வழியாகக் கிணறு தெரிகிறது, கிணற்றடியில் யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள். முகப்புப் பக்கத்திலிருந்து அப்பச்சி நடந்து வருகிறார். கழுத்தில் முழங்கால் வரைக்கும் தொங்கும் ரோஜா மாலை. நான் "அப்பச்சி" என்று கத்தினேன், கத்திய சத்தத்தில் நானே விழித்துக்கொண்டேன்.

சந்தோஷம் தாங்காமல் பெரியாத்தாவிடம் ஓடி, ஆளைச் சொல்லாமல், மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி ஒருவரைக் கனவில் கண்டால் என்ன பலன் என்று கேட்டேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டே, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கனவுல சாவைக் கண்டா ஆயுசு கெட்டி. கல்யாணக் கோலத்தைக் கண்டா ஆகாது, அந்தாளுக்குச் சாவுதேன். அதுவும் விடியக்காலைக் கனவு தப்பவே தப்பாது."

கண்டது யாரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்ட கனவை வெளியே சொன்னால் அதற்குக் கால் முளைத்துவிடும் என்பதும் அவரே ஒருநாள் சொன்னதுதான்.

மறுநாளும் அதே கனவு. அதற்கு மறுநாள் வரவில்லை, பிறகு மறுபடி வந்தது. பயந்து பயந்து படுத்ததாலேயே வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது அப்படியெல்லாம் யோசிக்கத் தெரியாது. கனவுக்குள் இருக்கும்போதே ஒருநாள் எனக்கு ஒன்று உறைத்தது. கிணற்றில் ராட்டினம் சுற்றுகிறது, ஆனால் சத்தம் போடவில்லை. எங்கள் வீட்டு ராட்டினம் சும்மா சுற்றுகிற ஜாதி இல்லை, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி "கிரீச்" என்று அலறித்தான் ஒரு வாளித் தண்ணீர் கொடுக்கும். நாங்கள் விழிப்பதே அந்தச் சத்தத்தில்தான். அது ஊமையாகச் சுற்றுகிறதென்றால் நான் இப்போது தூங்கிக்கொண்டிருக்கிறேன், இது கனவு. இப்படித் தெரிந்த அந்தக் கணத்தில் உடம்பு சிலிர்த்தது, சிலிர்த்த வேகத்தில் கனவும் போய்விட்டது.

பாயில் கிடந்தபடியே நானாக ஒரு சட்டம் போட்டேன். கனவில் விழுந்த மாலையைக் கனவிலேயே கழற்றிவிட்டால் தோஷம் கழிந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பெரியாத்தாவின் சாஸ்திரத்திலும் இது கிடையாது. ஆனால் ஏழு வயதுப் பெண்ணுக்கு ரங்கூனில் இருக்கும் தகப்பனைக் காப்பாற்ற வேறு என்ன வழி இருந்தது? மாலையைக் கழற்ற வேண்டுமானால் அவர் பக்கத்தில் போகிற வரைக்கும் கனவு நிற்க வேண்டும், அதுவோ நீர்க்கோலம் மாதிரி, பார்க்கப் பார்க்க அழிந்தது.

ஆகவே கனவில் தங்கியிருக்கப் பழகினேன். கத்தக்கூடாது, ஓடக்கூடாது, சந்தோஷப்படவே கூடாது என்பது முதல் பாடம். கனவு வெளுக்கத் தொடங்கினால் பக்கத்துத் தூணில் உள்ளங்கையை அழுத்தினேன், அந்தக் குளிர் ஏற ஏறச் சுற்றியுள்ளவை மறுபடி கெட்டிப்பட்டன. தூண் எட்டாத இடத்தில் இரண்டு கைகளையும் சூடு பறக்கத் தேய்த்தேன், அதுவும் வேலை செய்தது. விழிப்பு வந்துவிட்டால் கண்ணைத் திறக்காமல், விரலைக்கூட அசைக்காமல் கிடந்தால், சில நாட்களில் விட்ட இடத்திலேயே மறுபடி நுழையலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம், அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்த நாளெல்லாம், மூக்கு எது கண் எது என்று தெரியுமுன்னே முகம் கலைந்து, அவர் கலைந்து, வீடே கலைந்தது. தரையில் பதித்திருந்த பூப்போட்ட கற்களையும், அவற்றின்மேல் நடந்து வரும் அவர் கால்களையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கனவு நின்றது. எந்த முகத்துக்காக ஏங்கினேனோ அதைத் தவிர மற்றதையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் மேலவீட்டுக்காரர் ரங்கூனிலிருந்து வந்து, அப்பச்சி அடுத்த கப்பலில் ஏறுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். வீடு கல்யாண வீடாக மாறியது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கினார்கள், பெரியாத்தா பலகாரத்துக்கு மாவு இடிக்க ஆள் கூப்பிட்டார். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. கடல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, ஊரணியைப் பலமடங்கு பெரிதாக நினைத்துக்கொள்வேன். அந்தத் தண்ணீரின் நடுவில் அப்பச்சி மாலையோடு நிற்கிறார், கப்பல் கரை சேருமுன் நான் அதைக் கழற்றியாக வேண்டும்.

கனவு வேண்டுமே என்று விளக்கு வைக்கும் நேரத்திலேயே பாயை விரித்தேன். பெண்பிள்ளை அந்த நேரத்தில் படுத்தால் வீடு உருப்படுமா என்று ஆத்தா திட்டினாள். விடிந்து வெகுநேரம் கழித்தும் அசையாமல் கிடந்தபோது திட்டுப் பயமாக மாறியது. கண்ணைச் சுற்றிக் கருவளையம், கூப்பிட்டால் பதில் இல்லை. காத்துக் கருப்பு அண்டியிருக்கும் என்று பெரியாத்தா சொல்ல, திருநீறு பூசினார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் ஆத்தா, கோழி கூவுமுன்பே என்னை எழுப்பி உட்கார வைப்பது என்று தீர்மானித்தாள். ஒருநாள் கனவில் அப்பச்சியின் கால்கள் எனக்கு மிக அருகில் வந்துவிட்டன. கையை நீட்டி மாலையின் நுனியைத் தொட்டும்விட்டேன், இதழ் ஈரமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆத்தா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அன்றைக்கு நான் அவளைக் கடித்துவிட்டேன். கையில் பல் பதிந்த இடத்தைப் பார்த்தபடி, அவள் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

கடித்ததில் பயந்தோ என்னவோ, மறுநாள் என்னை எழுப்பவில்லை. நானாக விழித்தபோது வெளிச்சம் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது. முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. கடைசி வாசல் வழியாகக் கிணறு தெரிந்தது. வேலைக்காரி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள், ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றியது.

முகப்பில் ஆட்கள் பேசும் சத்தம். நான் திரும்பவில்லை. எழுந்து, பக்கத்துத் தூணில் உள்ளங்கையை அழுத்தினேன், குளிர் ஏறியது. கல் சூடாகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும் என்பது தெரிந்தும் பொறுமை இல்லை. தரையைப் பார்த்தேன். கற்களின் பூக்கள்மேல் இரண்டு கால்கள் நடந்து வந்தன, அவற்றுக்கு மேலே முழங்காலில் மாலை ஆடியது. ஓடாமல், கத்தாமல், சந்தோஷப்படாமல், இத்தனை நாள் பழகியபடி ஒவ்வொரு அடியாக வைத்துப் போனேன். ஆலத்தித் தட்டோடு நின்ற ஆத்தாவைக் கடந்தேன். இரண்டு கைகளாலும் மாலையைப் பற்றி, என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

நார் அறுந்து பூவெல்லாம் தரையில் கொட்டியது. கனவு கலையவில்லை. ஆலத்தித் தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது, செந்நீர் வந்து என் பாதத்தை நனைத்தது, அது வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெரியாத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து உயிரோடு வந்த மனிதன் கழுத்து மாலையை வாசலிலேயே பெற்ற பெண் அறுத்தெறிந்தால், அதைவிடக் கெட்ட சகுனம் சாஸ்திரத்தில் ஏது? ஆத்தா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அந்தக் கால்கள் மடிந்தன, அவர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கற்பூர வாசம் அடித்தது. நான் இறுகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பச்சியப் பாரு ஆத்தா" என்று என்னிடம் சொன்னார்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். பயமா என்று கேட்டார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததெல்லாம் ஒரே வரியாகத்தான் வெளியே வந்தது.

"பாத்தா போயிருவீக."

ஓங்கிய கையை ஆத்தா இறக்கிக்கொண்டாள் போலிருக்கிறது, வளையல் சத்தம் கேட்டது. அவர் என்னைச் சமாதானப்படுத்துவார், போகமாட்டேன் என்று பொய் சொல்வார் என்று நினைத்தேன். அந்த ஊரில் அப்பன்மார்கள் பிள்ளைகளிடம் சொல்லும் பொய் அது ஒன்றுதான். அவர் சொன்னது வேறு.

"போகத்தேன் செய்வேன். நீ பாத்தாலும் போவேன், பாக்காட்டியும் போவேன். இருக்குற மட்டுமாச்சும் பாத்துக்க."

கண்ணைத் திறந்தேன். என் முகமேதான், ஆனால் வெயிலில் காய்ந்து, கன்னம் ஒட்டி, கண்ணுக்கடியில் கோடு விழுந்த என் முகம். பார்த்துக்கொண்டே இருந்தேன், கலையவில்லை. கலையாத அந்த முகம் அழுதது, அதைத்தான் நான் கனவிலும் எதிர்பார்த்திருக்கவில்லை.

பிறகு எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்தது. அப்பச்சி வருகிறாரே என்று வேலைக்காரர் ஒருவர் முந்தின நாள் சாயங்காலம் ராட்டினத்துக்கு விளக்கெண்ணெய் போட்டிருந்தார். ஊருக்குள் நுழைந்ததும் பிள்ளையார் கோவிலில் இறங்கிக் கும்பிட்டதில் குருக்கள் மாலை போட்டிருந்தார். நான் கனவு முழுவதையும் சொல்லி முடித்தபோது ஆத்தா, "போன அன்னைக்கும் மாலையோடதானே வாசல் எறங்குனாக, பிள்ளை அதத்தேன் பாத்திருக்கு" என்றாள். நான்கு வயதில் கண்டதைத்தான் மனசு திருப்பி நடக்கவிட்டிருக்கிறது. பெரியாத்தா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மாலையை அறுத்ததால்தான் கண்டம் கழிந்தது என்று புதுப் பலன் சொல்லி, அதற்கு என்னையே சாட்சியாக வைத்துக்கொண்டார்.

சொன்னபடியே, அடுத்த ஐப்பசியில் அப்பச்சி போனார். நான் முகப்பில் நின்று, வண்டி திரும்பும் வரைக்கும் முகத்தையே பார்த்தேன்.

அவர் காலமாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. பங்காளிகள் பிரித்துக்கொண்டதில் வீடு போயிற்று. தூண்களைப் பெயர்த்து லாரியில் ஏற்றிய அன்று நான் போகவில்லை, எங்கோ ஒரு ஓட்டல் வாசலில் நிற்பதாகக் கேள்வி. கிணறு தூர்ந்தது, ராட்டினம் எந்தப் பழைய இரும்புக்குப் போனதோ. இப்போது என் தூக்கமே ஒரு மாத்திரையின் தயவில் நடக்கிறது, அதில் கனவு வருவதே அபூர்வம்.

வந்தால் அதுதான் வருகிறது. கதவெல்லாம் திறந்து கிடக்கும், ராட்டினம் ஊமையாகச் சுற்றும், நான் சூடேறாத தூணில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன், பூக்கல்மேல் அந்தக் கால்கள் நடந்து வரும். குனிந்தபடியே நின்றால் இன்னும் வெகுநேரம் இருப்பார், வித்தை எனக்கு மறந்துவிடவில்லை. போகத்தான் செய்வார் என்பதும் தெரியும். நான் நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.