ஒன்பது காஜாவும் ஒரு குடையும்

சேலையூர் அபிதகுஜாம்பாளுக்குப் பள்ளியில் கணக்கு சொல்லித்தருவது பிழைப்பு. நூறு வருடத்துக்கு முந்தைய உடைகளைக் கையாலேயே தைப்பதுதான் வாழ்க்கை. ரவிக்கைக் கழுத்துக்கு லேஸ்கூட அவளே குரோஷா ஊசியில் பின்னிக்கொள்வாள். ஜிப்புக்கும் வெல்க்ரோவுக்கும் அவள் வீட்டில் அனுமதி இல்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஏக்கம். முடிச்சூரில் இருந்தபோது வெள்ளம் புகுந்து கல்யாண ஆல்பம் கூழாகிப்போனது. கழுத்தில் தாலி இருக்கிறது, கட்டியதற்குச் சாட்சியாக ஒரு படம் இல்லையே! பழைய பேப்பர் கடையில் ஒரு ஸ்டூடியோ படம் கிடைத்தது. 1925 என்று பின்னால் எழுதியிருந்தது. லேஸ் ரவிக்கையில் மனைவி. குளோஸ் கோட்டும் தலைப்பாகையும் கையில் மடக்கிய குடையுமாகக் கணவர். தன் கணவர் சாம்பசிவனின் அறுபதாம் கல்யாணத்தன்று அதேபோல் ஒரு படம் எடுத்துவிடுவது என்று அன்றே சபதம் செய்தாள்.

கோட்டுக்கு நான்கு மாதம் ஆனது. ஒன்பது பட்டனுக்கு ஒன்பது காஜா, அத்தனையும் கைத்தையல். தாம்பரம் ஸ்டேஷன் வாசல் பஜ்ஜியை ஒரு நாளும் மறுத்தறியாத சாம்பசிவன், அளவெடுக்கும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஆண்மகனின் மானம் அல்லவா! டேப்பும் அவரை நம்பியது.

குடைக்கு மட்டும் அவர் இணங்கவில்லை.

"மண்டபத்துக்குள்ள மழையா பெய்யுது? எனக்கு எதுக்குடி குடை?"

"படத்துல இருக்குங்க."

"படத்துல அந்த ஆளுக்கு மீசைகூடத்தான் இருக்கு."

அறுபதாம் கல்யாணத்தன்று மாலை, மண்டபத்தில் குரோம்பேட்டை போட்டோகிராபர் லாசரஸ் கேமராவைத் தூக்கினார். சாம்பசிவன் மூச்சைப் பிடித்தார்.

"இன்னா சார், செல மாதிரி நின்னுகினு கீறே? மூஞ்சி செவந்து போச்சு. மூச்ச வுடு சார்!"

விட்டார்.

இரண்டு பட்டன்கள் பறந்தன. ஒன்று லாசரஸின் தோளில் பட்டுத் தெறித்தது. காஜா ஒன்றுகூடக் கிழியவில்லை, ஆனால் அபிதகுஜாம்பாளின் நெஞ்சு கிழிந்தது. கண்ணீர் லேஸில் சொட்டியது.

"அழாதக்கா. கம்ப்யூட்டர்ல சார் வயித்த கொறச்சிடலாம்."

"அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ஏதுங்க?" என்று விம்மினாள்.

சாம்பசிவனுக்குத் தாங்கவில்லை. மாதிரிக்காக அவள் கொண்டுவந்து நாற்காலியில் வைத்திருந்த பழைய படத்தை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அபி, இந்த ஆளு குடையை எங்க புடிச்சிருக்கார், பாரு."

பார்த்தாள். சரியாக வயிற்றுக்குக் குறுக்கே. குடைத்துணியின் ஓரத்தில், பட்டன் இல்லாத ஒரு காஜா வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நான்கு மாதம் தினமும் பார்த்த படம்!

"அப்பவும் பஜ்ஜி இருந்திருக்கு" என்றார் சாம்பசிவன். குரலைத் தாழ்த்தி, "அந்தக் குடை எங்க?" என்றார்.

"பையிலதான் இருக்கு" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

இன்று அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. சாம்பசிவன் தாராளமாக மூச்சுவிட்டுச் சிரிக்கிறார். அபிதகுஜாம்பாள் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. குடை நழுவுகிறதா என்று பார்க்கிறாள்.