வண்டி வர ஒரு காரணம்

காப்பீட்டு அட்டையை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும், அந்த அட்டையை வைத்துத்தான் கோவில்பட்டியில் டயாலிசிஸ் தொடங்கினோம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள். மிஷின், ஊசி, மருந்து, டாக்டர் எல்லாம் அட்டையிலேயே வந்துவிடும். வராதது ஒன்றுதான். பசுவந்தனைப் பக்கம் தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து அந்த மிஷின் வரைக்கும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி.

நான் எட்டயபுரத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் போடுவதுதான் பிழைப்பு. பல விண்ணப்பங்களில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். வருகிறவர்கள் அந்தக் கட்டத்துக்குத் தங்கள் மொத்தக் கதையையும் சொல்லத் தொடங்குவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பாதியில் நிறுத்தி, “அதெல்லாம் செல்லாது, இப்படிப் போட்டுருவோம்” என்று நானே தட்டிவிடுவேன். எந்தக் காரணத்துக்கு வேலை நடக்கும், எதற்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்கு மனப்பாடம். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அதனால்தான் வண்டிக்கும் ஒரு திட்டம் எங்கேயாவது இருந்தே தீரும் என்று நம்பினேன். மையத்தில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் தேடினேன். ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று போட்டிருக்கும் மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் மூன்று முறை போய்க் கேட்டேன். பிள்ளை பெற்றவளை வீட்டில் கொண்டு விட அரசு வண்டி இருக்கிறது, டவுன் பஸ்ஸில் பெண் என்பதால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற எனக்கு டிக்கெட் கிடையாது, பக்கத்தில் சாய்ந்து கிடக்கிற நோயாளிக்கு மட்டும் டிக்கெட்டா என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. “சிகிச்சைக்கு உள்ளது எல்லாம் இதுல இருக்குக்கா. வந்து போறதுக்கு இல்ல” என்றாள். மூன்று முறையும் அதையேதான் சொன்னாள்.

அப்பாவுக்கு ஒதுக்கிய நேரம் காலை ஏழு மணி. எங்கள் ஊருக்குள் முதல் பஸ் எட்டு மணிக்கு மேல்தான் வரும். ஆகையால் போவதற்கு ஆட்டோ, திரும்புவதற்கு பஸ். ஆட்டோ அண்ணாச்சி பக்கத்து ஊர்க்காரர், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார். அந்த ஏற்பாடு ஐப்பசி வரைக்கும் ஓடியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. விதைத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு வானத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊருக்குள் வருவது கரிசல் மண் பாதை. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், சக்கரம் முழுக்க மண் அப்பி வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வியாழக்கிழமை அண்ணாச்சி தார்ச்சாலையோடு நின்றுகொண்டு, இதற்கு மேல் வந்தால் ஆட்டோவை மாடு கட்டித்தான் இழுக்கணும் என்று போன் போட்டார். அப்பாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான் அண்ணாச்சியைக் கண்டபடி பேசிவிட்டு போனை வைத்தேன். அன்று டயாலிசிஸ் தவறிப்போனது.

ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடுங்கள், அதுவரைக்கும் தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள் என்றார் நர்ஸ். அதற்கு மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்கு யாரிடம் வண்டி கேட்பது என்ற யோசனை என்னை அரித்துக்கொண்டிருந்ததால், சரி சரி என்று வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு போன் போட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். படுங்கள் என்றால் படுக்கவில்லை. என்ன செய்கிறது என்று போகிற போக்கில் கேட்டேன். “கொஞ்சம் அந்த மாதிரி இருக்கு” என்றார்.

அப்பா நாற்பது வருடம் ஆடு மேய்த்தவர். உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் ஆட்டுக் கிடையைச் சித்தப்பாவிடம் விட்டார். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டுக்கு என்ன நோய் வந்தாலும் கிடைக்குள் நின்று அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மற்ற ஆட்டுக்கும் வந்துவிடும் என்பார்கள். மருந்து வாங்கப் போகும்போதுகூட, ‘ரெண்டு குட்டிக்கு அந்த மாதிரி இருக்கு’ என்றுதான் கேட்பார்கள். அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். எந்த மாதிரி என்று நின்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது, பாதை மட்டும் குழைந்து கிடந்தது. ஐந்தரைக்கெல்லாம் நான் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நான்கு பேரிடம் கேட்டாயிற்று, ஒருவரும் வரத் தயாரில்லை. அப்போதுதான் அவசர ஆம்புலன்ஸ் நினைவுக்கு வந்தது. பெரிய வண்டி, கூட இரண்டு ஆட்கள், தூக்குப் படுக்கை. ஆனால் டயாலிசிஸுக்குப் போகணும் என்றால் வர மாட்டார்கள், அது வழக்கமான சிகிச்சை, அவசரம் இல்லை என்பார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எந்தக் காரணத்துக்கு வருவார்கள் என்பதுதான் எனக்குத் தெரியுமே. போன் போட்டு, அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று சொன்னேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அப்பாவிடம் வந்து, கேட்டால் இடது பக்கம் வலிக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். “இல்லாததை வாயால சொல்லக் கூடாதுட்டி” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்காகத்தானே பொய் சொல்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும், கிடையில் பேசுவதையெல்லாம் இங்கே பேசாதீர்கள் என்று பொரிந்து தள்ளினேன். அவர் பதில் பேசவில்லை. பேச முடியாமல்தான் பேசவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஆம்புலன்ஸ் தார்ச்சாலையில் நின்றுகொண்டது. டிரைவரும் உதவியாளரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்து வந்தார்கள். அப்பாவைப் படுக்கையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். படுக்க மாட்டேன் என்று அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சு வலி வந்தவர் அசையக் கூடாது என்று அவர்கள் கெஞ்சினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். ஏழு மணிக்குள் போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

வண்டி கிளம்பியதும் தூத்துக்குடிப் பக்கம் திரும்பியது.

கோவில்பட்டிக்குத்தானே என்று கேட்டேன். நெஞ்சு வலிக்கு வேண்டிய எல்லா வசதியும் இருக்கிற இடத்துக்குச் சொல்லியாயிற்று, பயப்படாதீங்க என்றார் உதவியாளர். இறங்கிவிடலாமா, உண்மையைச் சொல்லிவிடலாமா, சொன்னால் பொய்ப் புகார் என்று போலீஸுக்குப் போவார்களோ என்று என்னென்னவோ ஓடியது. ஏழு மணி மிஷின் ஒரு பக்கம் காத்திருக்கிறது, நாங்கள் மறு பக்கம் பறந்துகொண்டிருக்கிறோம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. அந்தச் சில நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

உதவியாளர் அப்பாவிடம் குனிந்து, “எங்கன வலிக்குதுய்யா?” என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு உதவியாளரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “வலி இல்ல தம்பி. மூச்சு விட முடியல. ரெண்டு நாளாச்சு.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நோவை அவர் பேர் சொல்லிக் கேட்கிறேன்.

உதவியாளர் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்ஸிஜனை மாட்டினார். விரலில் எதையோ செருகிப் பார்த்துவிட்டு, காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. அப்போதுதான் அப்பாவின் கையில் டயாலிசிஸ் ஊசி போடுகிற தழும்பைக் கவனித்தார். கடைசியாக எப்போது போனீர்கள் என்று என்னிடம் கேட்டார். செவ்வாய் என்றேன். வியாழக்கிழமை போகவில்லையா என்றார். மீதியையும் சொன்னேன், நெஞ்சு வலி உட்பட. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

உதவியாளர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். “டயாலிசிஸ் தவறிட்டு, மூச்சு வாங்குதுன்னு உள்ளதைச் சொல்லியிருந்தாலே ஓடி வந்திருப்போமேக்கா. இது நெஞ்சு வலியை விட அவசரம். மிஷினுக்கும் அப்பவே சொல்லி வச்சிருப்போம்.”

வண்டி கோவில்பட்டிக்குத் திரும்பியது. போகும்போதே போனில் பேசி மிஷினை ஒழுங்கு செய்தார்கள். அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே உட்கார முடியாமல் அந்த நடையில் மேலும் கீழும் நடந்தேன். நுரையீரல் வரைக்கும் நீர் கோத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை மீறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மூச்சுத் திணறினால் உடனே கூட்டி வாருங்கள் என்று போனிலேயே சொன்னேனே என்றார் நர்ஸ். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் காரணம் எழுதிக் கொடுக்கிறவள், இரண்டு நாளாகக் கண் முன்னால் உட்கார்ந்திருந்த காரணத்தைப் பார்க்கவில்லை.

மாலையில் பார்க்க விட்டார்கள். அப்பா மல்லாக்கப் படுத்திருந்தார். முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய ஆளாகத் தெரிந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவருக்கு வேறு ஏதோ யோசனை ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மழை இருக்கிறதா, அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை வருவாரா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நீ இன்றைக்கும் வேலைக்குப் போகவில்லையே என்றார். பரவாயில்லை என்றேன்.

பிறகு, ஒரு நல்ல வழி கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

“ஒரு தடவை போகாம விட்டுட்டா, அடுத்த தடவைக்கு அவியளே வந்து தூக்கிட்டுப் போறாவ. நீயும் யார்ட்டயும் வண்டி கேட்டு அலைய வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். இனிமே அப்படியே வச்சுக்கிடுவோமா?”

கேலியாகச் சொல்லவில்லை. சம்மதமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.