பாலீஷ் போட்ட கப்பல் விளக்கு

என் சித்தப்பா மேல் எனக்குப் பதினோரு வருஷக் கோபம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது இன்னும் ஆறவில்லை.

அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். அந்தக் கப்பலை உடைக்கக் கொடுத்தபோது, சமையலறையில் மாட்டியிருந்த பித்தளை எண்ணெய் விளக்கைக் கேட்டு வாங்கிவந்து எங்கள் பாலக்கரை வீட்டுச் சுவரில் மாட்டினார். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுடர் நேராக நிற்கும்படி, வளையத்துக்குள் ஊசலாடும் விளக்கு. அடியில் கப்பலின் பெயரும் கம்பெனி முத்திரையும் வெட்டியிருக்கும். கிறிஸ்துமஸுக்கு அதைத் தேய்க்க அம்மா புளியோடு கிளம்பினால் அப்பா விடமாட்டார். "அந்தக் கருப்புதான் அதுக்கு மதிப்பு. துணியால தொடச்சா போதும்."

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவிய சித்தப்பா விளக்கைக் கழற்றினார். "கட்டிக்குடுத்த பொண்ணுக்கு எதுக்கும்மா இது? குடும்பத்துப் பொருள் குடும்பத்துல இருக்கட்டும்." அப்படியென்றால் நான் யாராம்? விளக்கு அவரோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்விட்டது.

போன மாசம் அவரே போன் செய்தார். "புதுச்சேரிலேர்ந்து பழைய சாமான் வாங்குறவர் வராரும்மா. கப்பல் வெளக்குன்னா அவருக்கு உசுராம். இது கருகருன்னு கெடக்கு, என்ன பண்ணலாம்? உனக்குத்தான் தெரியும்."

எனக்கும் ஏதோ தெரியும் என்று அவர் வாயால் ஒத்துக்கொண்டது அன்றுதான்.

"புளியெல்லாம் பத்தாது சித்தப்பா. பெரிய கடைவீதில குடுத்து மெஷின் பாலீஷ் போடுங்க. அடியில நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க. தங்கமாட்டம் ஆயிடும்."

பித்தளை என்றால் பளபளக்க வேண்டும், நம் ஊரில் அவ்வளவுதானே. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

வந்தவர் விளக்கைத் திருப்பிப் பார்த்து, "எழுத்தெல்லாம் எங்கங்க? புதுசா செஞ்சதை எங்கிட்ட காட்டுறீங்களா?" என்று கேட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாராம். சித்தப்பா நேரே என் வீட்டுக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. அதை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"ஆமா சித்தப்பா. தெரிஞ்சேதான்."

"நீயே வச்சு அழு" என்று விளக்கை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் பிறந்த செய்தி தந்தியில் வந்த அன்று, அப்பா சமையல் கத்தியின் முனையால் அந்த விளக்கின் அடியில் என் பெயரைக் கீறியிருந்தார். இப்போது விரல் வைத்தால் வழுக்குகிறது. போனில் பேசும்போதே இது எனக்குத் தெரியும். அந்த மனுஷன் கையால் என் பெயர் விலைபோவதைவிட அழிந்தே போகட்டும் என்றுதான் பாலீஷ் போடச் சொன்னேன்.