துணியைக் கழித்த எடை

எனக்குப் பனியன் கம்பெனி குடோனில் வேலை. நிட்டிங்கிலிருந்து வரும் துணி ரோலை நிறுத்து எழுத வேண்டும். ரோலின் நடுவே அட்டைக் குழாய் இருக்கும். அதன் எடையைக் கழித்துத்தான் எழுதுவேன். பதினாறு வருசமாக இதுதான். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. கழித்தல் மட்டும் தப்பாது.

தம்பி அதே கம்பெனியில் டெய்லர். எங்களோடுதான் இருந்தான். ஒரு நாள் மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அவன் வண்டிப் பெட்டியில் கஞ்சாவாம். நான் போவதற்குள் கோர்ட்டில் ரிமாண்டு செய்துவிட்டார்கள். வேன் கம்பிக்குள்ளிருந்து "அண்ணே" என்றான். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

ஒத்துக்கொண்டால் ஃபைன் போட்டு விட்டுவிடுவார்கள் என்று கம்பெனியில் எல்லாரும் சொன்னார்கள். குடித்து வண்டி ஓட்டி மாட்டியவர்கள் அப்படித்தான் வந்தார்கள். நானும் நம்பினேன். கோர்ட்டு வாசல் டீக்கடையில் பார்த்த வக்கீலும் அதையே சொன்னார்.

"ஒத்துக்கிட்டா சுளுவா முடிஞ்சுருமுங்க. வக்காலத்துல தம்பிகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க."

என் கையிலிருந்த கேஸ் காகிதத்தை அவர் பார்க்கவில்லை. எத்தனை கிராம் என்றும் கேட்கவில்லை. நிறுக்காமலே பில் போடுகிற ஆள் மாதிரிப் பட்டது.

"யோசிச்சுட்டு வாரேன் சார்."

"நல்லா யோசிங்க. அதுவரைக்கும் தம்பி உள்ள களி திங்கட்டும்."

கோர்ட்டுக்குள் இலவசச் சட்ட உதவி அறை இருந்தது. அங்கே ஒரு பெண் வக்கீல். உட்காரும் முன்பே கேட்டார்.

"ஏனுங்க, மகஜர் காப்பி இருக்குதுங்களா?"

பொருளைப் பிடித்த இடத்தில் போலீஸ் எழுதுகிற காகிதம் அது. கொடுத்தேன்.

"ஒத்துக்கிட்டா ஃபைனோட விட்டுருவாங்கன்னு சொல்லுதாங்க, மேடம்."

"அது குடிச்ச கேசுங்க. இதுல ஒத்துக்கிட்டா ஜெயிலுங்க. ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவு, ஒரு வருசத்துக்குள்ள. அதைத் தாண்டுச்சுன்னா பத்து வருசம் வரைக்கும் போகும்."

"இதுல எவ்வளவு போட்டிருக்கு?"

"ஒரு கிலோ நூத்தி எம்பதுங்க."

அவர் மகஜரை முழுதும் சத்தமாக வாசித்தார். பனியன் வேஸ்ட் துணி சுற்றிய பொட்டலம் என்று வந்தது.

"கழிச்ச எடையா மேடம்?"

"எதைக் கழிச்சுங்க?"

"சுத்தியிருந்த துணியை."

பேனா நின்றது. திரும்ப ஒருமுறை படித்தார்.

"கழிச்சதா எழுதலீங்க. நீங்க என்ன வேலைங்க?"

"ரோலு எடை போடுதேன்."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தார். "மாஜிஸ்ட்ரேட்டு முன்னாடி பிரிச்சு நிறுக்கச் சொல்லி மனுப் போடறேங்க."

"கழிச்சும் கிலோவுக்கு மேல நின்னா?"

"ஜாமீன் இழுக்குமுங்க" என்றார். சிரிப்பு போயிருந்தது.

ஜெயிலில் தம்பியைப் பார்த்தேன்.

"ஏல, பொட்டலம் உன்னோடதா?"

"ஆமாண்ணே. கம்பெனில நாலு பேருக்கு..."

"மேடம் சொல்லாம எதுலயும் கையெழுத்துப் போடாத."

கிளம்பி வந்துவிட்டேன்.

நிறுக்கிற அன்று என்னைக் கதவோரம் நிற்கவிட்டார்கள். பொட்டலத்தைப் பிரித்தார்கள். நீல ரிப் துணி, நாலைந்து சுற்று. துணி நூற்றெண்பது கிராமாவது இருக்கவேண்டும். கண்ணால் நிறுத்துப் பார்த்தேன். இருநூறு என்று மனசு சொன்னது. குடோனில் என் கண் தப்பினால் திரும்ப நிறுப்பேன். இங்கே முடியாது. தராசில் எண் ஓடியது. எனக்குத் தெரியாதபடி ஒருவர் குறுக்கே நின்றார். எழுதுகிறவர் சத்தமாகச் சொன்னார்.

"தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சு."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் மூச்சு விட்டேன்.

சில நாளில் ஜாமீன் கிடைத்தது. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. கேஸ் இன்னும் நடக்கிறது. கம்பெனியில் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை.

வந்த அன்று சோறு போட்டேன். பாதி சாப்பிட்டுவிட்டுச் சொன்னான்.

"அந்த வேஸ்ட் துணிதாண்ணே காப்பாத்துச்சு."

"மீதி எடை உன்னோடதுதாம்ல" என்றேன்.

தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தான்.