மைக்ரான் அக்காவின் கையெழுத்து

எங்கள் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்ரான் அக்கா என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டு போட்டால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரான். அந்த ஒரு துண்டுக்காக மல்லுக்கு நிற்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவர் கணவர் தையல்காரர். "எனக்கு அரை இஞ்ச் கூடக்குறைய இருந்தா மடிச்சுத் தச்சுடுவேன். இவகிட்ட அந்தக் கதையே நடக்காது. எப்படித்தான் முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேனோ!" என்று சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார். "நீங்க தச்ச சட்டையோட லட்சணத்தைப் போட்டுக்கிட்டவங்களைக் கேட்டாத் தெரியும்" என்பார்.

நாங்கள் செய்வது நுண்ணோக்கிகளும் மைக்ரோமீட்டர் மாதிரியான அளவுக் கருவிகளும். அக்கா சோதனை அறையின் தலைவி. வெளிச்சூடு உள்ளே வராமல் இருக்க அந்த அறைக்கு இரண்டு கதவுகள். உள்ளே எப்போதும் இருபது டிகிரி. வெள்ளைக் கையுறை போட்ட பதினோரு பெண்கள். நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டைகளை வைத்து ஒவ்வொரு கருவியையும் பத்து இடத்தில் அளந்து பார்ப்பார்கள். எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் கூடவோ குறையவோ காட்டுகிறது என்று ஒரு சீட்டில் பேனாவால் எழுதுவார்கள். அக்கா சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி மூடப்படும்.

நான் விற்பனைப் பிரிவு. எனக்கு அந்தச் சீட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பழக்கடைக்காரனே பழத்தை எடுத்து, புழு இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டுத் தராசில் வைப்பது போல இருக்கும்.

பழைய முதலாளி போய்ச் சேர்ந்தபின் மகன் பொறுப்புக்கு வந்தார். அதே சமயம் வேறு நாட்டுக் கருவிகள் பாதி விலைக்கு வந்து குவிந்தன. சின்ன முதலாளி பயந்துபோய் ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்தார். அவர் தந்த திட்டம் இதுதான்: ஐம்பது கருவிக்கு ஒன்றைச் சோதித்தால் போதும்; எல்லாப் பெட்டியிலும் பூஜ்யம் பூஜ்யமாக அச்சடித்த ஒரே சீட்டைப் போடலாம்; சோதனை அறைக்கு இரண்டு பேர் போதும்.

கூட்டத்தில் அக்கா எழுந்துவிட்டார். "அப்போ நம்ம கருவியில தப்பே கிடையாதுன்னு எழுதப்போறீங்களா?"

"தப்பு இல்லைன்னு சொல்லலம்மா. அதை நாமளே எதுக்குச் சொல்லணும்னு கேக்கறேன்" என்றார் ஆலோசகர்.

"எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சா வாங்கினவங்க அதைக் கழிச்சுக்குவாங்க. தெரியலைன்னா என்ன பண்ணுவாங்க? விலையில நம்மால வெளிநாட்டுக்காரங்களோட மோத முடியாது. நம்மகிட்ட இருக்கறது இந்தச் சீட்டு ஒண்ணுதான். அதையும் தூக்கிப் போட்டுட்டு எதை விப்பீங்க?"

சின்ன முதலாளி நெளிந்தார். "அக்கா, நீங்க சோதனையைப் பாருங்க. வியாபாரத்தை நாங்க பாத்துக்கறோம்."

"பாத்துக்குங்க. ஆனா என் கையெழுத்து அதுல வராது."

அங்கேதான் சிக்கல். வாடிக்கையாளர்கள் இருபது வருடமாக அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பெட்டியைப் பிரிக்கிறார்கள். சின்ன முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். நான் பழைய சீட்டு ஒன்றிலிருந்து அக்காவின் கையெழுத்தை வெட்டி எடுத்து அச்சகத்தில் கொடுத்தேன். மேலே இருப்பவர் சொன்னார், செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரே மாதத்தில் முந்நூறு பெட்டிகள் சோதனை அறைக்கே போகாமல் அந்தச் சீட்டோடு வெளியே போயின.

பம்ப் செய்கிற ஒரு பெரிய நிறுவனத்தின் தரப் பொறியாளர் அம்மா எங்கள் கருவிகளைப் பார்க்க வந்த அன்றுதான் குட்டு உடைந்தது. நானூறு மைக்ரோமீட்டர் வாங்குகிற யோசனையில் வந்திருந்தார். கீழே பெட்டி கட்டுகிற பெண் ஒருத்தி அச்சடித்த சீட்டை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள்.

அக்கா இரண்டு மாடி ஏறிச் சின்ன முதலாளியின் அறைக்கு வந்தார். ஒரு கையில் அவரே சோதித்த மைக்ரோமீட்டரும் அதன் சீட்டும். இன்னொரு கையில் ஐம்பது மில்லிமீட்டர் எஃகுக் கட்டை. வாசலிலேயே ஆலோசகர் மறித்தார். "முக்கியமான கூட்டம் நடக்குதும்மா, அப்புறம் வாங்க."

"தள்ளுங்க."

நேராக மேசைக்குப் போனார். அங்கே ஒரு கருவியோடு இருந்த அச்சடித்த சீட்டை எடுத்து, கையெழுத்தின் குறுக்கே பேனாவால் அழுத்தமாக ஒரு கோடு போட்டார். "இது என் கையெழுத்து இல்லைங்க. இந்தக் கருவியை நான் தொட்டதுகூட இல்ல. இதோ, இது நான் சோதிச்சது. ஐம்பது மில்லிமீட்டர்ல ரெண்டு மைக்ரான் கூடக் காட்டும். நீங்களே அளந்து பாருங்க."

அந்த அம்மா அளந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். "ஆறு காட்டுதே."

ஆலோசகர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அக்காவைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையின் விளிம்பு அதில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"தப்பு என்னோடது" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "கையுறை போடாம இந்தக் கட்டையைக் கோவத்துல இறுக்கிப் புடிச்சுக்கிட்டே வந்துட்டேன். கைச்சூடு ஏறி இது நாலு மைக்ரான் நீண்டிருக்கு. என் அறையில வேற யாராவது இப்படிச் செஞ்சிருந்தா அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பேன். இருபது நிமிஷம் கொடுங்க."

மேசையில் காட்சிக்கு வைத்திருந்த நுண்ணோக்கியின் கனத்த இரும்பு அடிப்பாகத்தின் மேல் கட்டையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சின்ன முதலாளிக்கு வேர்க்கவே கூடாது என்பதால் அந்த அறையின் ஏசி எப்போதும் இருபதில்தான் இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக அது தொழிலுக்கு உதவியது. ஆலோசகர் நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன முதலாளி தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

இருபது நிமிடம் கழித்து அந்த அம்மா தன் பையிலிருந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு அளந்தார். "ரெண்டு" என்றார். பிறகு யாரையும் கேட்காமல் அச்சடித்த சீட்டுக்காரக் கருவியை எடுத்து அதே கட்டையை அளந்தார். சீட்டில் பூஜ்யம். கருவி ஏழு காட்டியது.

"நானூறும் உங்ககிட்டயே வாங்கிக்கறேன்" என்று சின்ன முதலாளியிடம் சொன்னார். "சீட்டு மட்டும் இவங்க கையால வரணும்."

அந்த அம்மாவின் கார் வாசலைத் தாண்டியதும் சின்ன முதலாளிக்கு உயிர் வந்தது. "அக்கா, ஜெயிச்சுட்டீங்க! பதினோரு பேரும் இருக்கட்டும். போய் வேலையை ஆரம்பிங்க."

"மாட்டேன். வெளிய போன முந்நூறும் திரும்பி வரணும்."

"அதைப் பத்தி யாருமே கேக்கலையே அக்கா?"

"நான் கேக்கறேன். அதுல என் பேரு இருக்கு."

மறுநாள் காலை அக்கா சோதனை அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கமான நேரத்துக்கு வந்தார், வழக்கமான நேரத்துக்குப் போனார், ஒரு கருவியையும் தொடவில்லை. இரண்டாம் நாள் பதினோரு பெண்களும் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பழைய முதலாளியின் மனைவி, முதலாளியம்மாவே இறங்கி வந்து பேசிப் பார்த்தார். அக்கா எழுந்து நின்று மரியாதையாக முடியாது என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான்காம் நாள் சின்ன முதலாளி இறங்கி வந்து, முந்நூறையும் திரும்ப வரவழைக்கச் சம்மதித்தார். ஆலோசகர் அதற்குள் வேறு யாருக்கோ ஆலோசனை சொல்லப் போய்விட்டிருந்தார்.

கடிதம் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. 'உங்களிடம் உள்ள கருவி சோதிக்கப்படாதது. சீட்டில் உள்ள கையெழுத்து எங்கள் சோதனை அறைத் தலைவி போட்டதல்ல. எங்கள் செலவில் திருப்பி அனுப்பவும்.' முந்நூறு பிரதி எடுத்து, அக்காவின் முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "என் கையெழுத்தை வெட்டிக் கொடுத்தது யாரு?"

தெரிந்துதான் கேட்கிறார். "நான்தான் அக்கா."

"அப்போ பேனாவை எதுக்கு என்கிட்ட நீட்டறே? இதுல உன் பேரைப் போடு."

முதல் கடிதத்தில் என் பெயரை எழுதினேன். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் எனக்குப் பழக்கமானவர்கள். இனி எந்த முகத்தோடு அவர்கள் வாசலுக்குப் போவேன்? "முந்நூறுலயும் போடணுமா அக்கா?" என்று கெஞ்சலாகக் கேட்டேன்.

"ஏன், அச்சடிச்சுக்கலாம்னு பாத்தியா?"

குனிந்து எழுதத் தொடங்கினேன். கடைசிக் கடிதம் முடியும்வரை அக்கா என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.