இருபத்தெட்டாம் தேதிப் படையல்

டொமித்திலா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இருபது வருடமாக எதிர்வீடு. சந்தையில் சோளமாவை இலையில் சுற்றி அவித்த தமாலே விற்பாள். கூடுதலாக ஒன்று கேட்டால் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

மார்ச் மாதம் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது கணவன் கிரெசென்சியோ செத்தான். திரும்பி வந்தால் உடல் கட்டிலில் கிடக்கிறது. "அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாரு அண்ணி" என்றான் கொழுந்தன் அபுந்தியோ. வாய்க்கால் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் ஒரு வருடமாக மல்லுக்கு நின்றது ஊருக்கே தெரியும். மாரடைப்பு என்று காகிதம் வந்தது. உடலைக் கழுவும்போது பின்மண்டை உடைந்திருந்ததை டொமித்திலா பார்த்தாள். யாரிடம் சொன்னாலும், "அதான் காயிதம் இருக்கே" என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் செத்தவர்கள் வருடத்துக்கு ஒரு நாள் வீடு தேடி வருவார்கள். படுக்கையில் போனவர்களுக்கு நவம்பர் இரண்டாம் தேதி படையல். அடிபட்டோ வெட்டுப்பட்டோ போனவர்களுக்கு அக்டோபர் இருபத்தெட்டு, உச்சிவேளை. முதல் வருடப் படையல் என்றால் ஊரே மெழுகுவர்த்தியோடு வந்து நிற்கும்.

இருபத்தெட்டாம் தேதி காலை டொமித்திலா தன் வாசலிலிருந்து தெருவரை, அவர் வழி கண்டு வர, செண்டுப்பூ இதழைத் தூவினாள். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. பதினொன்றரைக்கு அபுந்தியோ வந்தான், இடுப்பில் கரும்பு வெட்டும் கத்தியோடு.

"தேதிய மாத்திட்டீங்க அண்ணி. இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"மாத்தல தம்பி. அவரு வர்ற நாள் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

அவன் பூப்பாதையைக் காலால் எத்திவிட்டான். அவள் குனிந்து இதழ்களை அள்ளி மறுபடி தூவினாள். நான் ஜன்னல் இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு மெழுகுவர்த்தி வராது, பாத்துக்குங்க" என்று வாசலை மறித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பன்னிரண்டு மணி அடித்தது. அவள் உள்ளே கிரெசென்சியோ படத்தின் முன் சாம்பிராணி போட்டாள். யாரும் வரவில்லை. கால் மணி நேரம் போனது. என் கையில் மெழுகுவர்த்தி இருந்தது. "போவாதடி, நமக்கெதுக்கு வம்பு" என்று என் வீட்டுக்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது தெருமுனையில் ஒருத்தி வந்தாள். அபுந்தியோவின் மனைவி அம்பாரோ. கையில் மெழுகுவர்த்தி.

"வீட்டுக்குப் போடி!" என்று அவன் கத்தினான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பூவை மிதிக்காமல் ஓரமாக நடந்து வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, மாமாவுக்குக் கொண்டாந்தேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "மாமா போன அன்னைக்கி இவரு சட்டையத் தொவச்சது நான்தான்."

அபுந்தியோவின் கட்டிய கைகள் தாமாக இறங்கின. நான் முழங்கையை உதறிக்கொண்டு கதவைத் திறந்தேன்.