கிழக்குப் பக்கத்து நட்சத்திரங்கள்

மருத்துவமனையில் அவளைப் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே அறையில் பாதி ஆயுளைக் கழித்தவள். "மூச்ச இழு, அப்படியே பிடி, விடு" என்று அவள் சொல்லிக் கேட்காதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. கடைத்தெருவில் எதிரே வருகிற ஆளின் முகம் அவளுக்கு நினைவிருக்காது, விலா எலும்பு நினைவிருக்கும் என்று தங்கை கேலி செய்வாள். தங்கை கீழ்வீட்டில் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், உதவுகிற கை அதைவிட நீளம்.

படம் எடுப்பதைவிடப் படக்காரம்மாவுக்குப் பிடித்தது ஒப்பிடுவது. போன வருடத்து நெஞ்சையும் இந்த வருடத்து நெஞ்சையும் பக்கம் பக்கமாக மாட்டி, எது மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு கண்ணுக்கு வேலையில்லாமல் போனது. அதனால்தான் வானத்துக்குப் போனாள்.

வானம் முழுவதையும் துண்டு துண்டாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகடுகளில் எடுத்தது, பிறகு கேமராவில் எடுத்தது, எல்லாம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். எந்த இடம் என்பதற்கு இரண்டு எண்கள், எவ்வளவு அகலம் என்பதற்கு ஒரு எண். தட்டிவிட்டுக் காத்திருந்தால், யாரோ உள்ளே போய் அலமாரியில் தேடுவதுபோல் சற்று நேரம் திரையில் சக்கரம் சுற்றும். பிறகு கறுப்பாக ஒரு சதுரம் வரும். அதில் உப்பைக் கை தவறிக் கொட்டினதுபோல் நட்சத்திரங்கள்.

அவள் பார்ப்பது மத்தியானத்தில்தான். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்காருவாள். வெளியே வெயில் சுவரைப் பொரித்துக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு வானம் வரும், போகும், வேறொன்று வரும். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னால் எல்லாம் அசையாமல் நிற்கும். எங்கேயாவது ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் விட்டு இடம் குதிக்கும். ஐம்பது வருடத்தில் ஒரு மயிரிழை நகர்ந்த நட்சத்திரம் அது. அதைப் பிடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கமே வேண்டாம். ஓடிப்போய் அட்டவணையில் தேடினால், அதற்கு ஏற்கெனவே யாரோ எண் போட்டிருப்பார்கள்.

"குழந்த பொறந்திருக்குன்னு ஓடிப் போய்ப் பாத்தா, அதுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு," என்பாள் தங்கையிடம். வருத்தமாகச் சொல்வதில்லை.

ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது இடது கை பிரஷ்ஷைக் கீழே போட்டது. அப்புறம் ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி. மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. பேச்சு போகவேயில்லை.

போனது வேறொன்று. அவளுடைய உலகத்தில் இடப்பக்கம் இல்லாமல் போயிற்று. கண்ணில் கோளாறு கிடையாது. மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதை விட்டுவிட்டது. தட்டில் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்பாள். வலப்பக்கத்து முடியை மட்டும் சீவிக்கொண்டு வெளியே கிளம்புவாள். இருட்டாகத் தெரிந்தாலாவது விளக்கைப் போடச் சொல்லலாம். அவளுக்கு இருட்டும் தெரியவில்லை. உலகம் அந்த இடத்தோடு முடிந்தது, அவ்வளவுதான். இந்த நோயைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இருக்கும் பெரிய தலைவலி இதுதான்: இல்லாததை இல்லை என்று நோயாளியை ஒத்துக்கொள்ள வைக்க முடியாது.

வெளியூரிலிருந்து மகன் வந்தான். கெட்டவன் இல்லை, பயந்துபோனவன்.

"உன்னத் தனியா விட்டுட்டு என்னால தூங்க முடியாதும்மா. எங்க ஃபிளாட்டுல ஒரு ரூம் சும்மாதான் இருக்கு. வீட்டக் காலி பண்ணிட்டு வந்துரு."

"வர மாட்டேன்."

"அப்போ ஒண்ணு செய். நான் அடுத்த தடவ வர்றப்போ, தனியாப் போயி ரோட்டத் தாண்டி எதிர்க் கடையில ரொட்டி வாங்கிட்டு வா. நான் மாடியிலேருந்து பாக்கறேன். முடிஞ்சா இங்கேயே இரு. முடியலைன்னா சாமான் ஏத்த வண்டி சொல்லிருவேன்."

"எனக்கே பரீட்சை வெக்கிறியாடா?"

"ஆமா."

"சின்ன வயசுல நான் வெச்சப்போ நீ ஒழுங்கா எழுதினியா?"

"அதான் பரீட்சைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்," என்றான் அவன். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

வாரத்தில் சில நாள், பயிற்சி கொடுக்க பிசியோ பெண் வந்தாள். சின்ன வயது, முதுகுப் பையில் ரப்பர் பட்டையும் காகிதங்களுமாக. ஒரு காகிதத்தில் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள் அச்சாகியிருந்தன. எல்லாவற்றையும் பென்சிலால் கோடிட்டு அடிக்க வேண்டும். இடப்பக்கம் எத்தனை விட்டுப்போகிறது என்று பார்க்கிற சோதனை.

படக்காரம்மா அதை ஏற இறங்கப் பார்த்தாள். "இதெல்லாம் நட்சத்திரமா? அஞ்சு மூலையோட? எங்கிட்ட நெசமானது இருக்கு, வா."

திரைச்சீலை இழுபட்டது. எண்கள் தட்டப்பட்டன, வானம் வந்தது. பிசியோ பெண் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பையில் வைத்துவிட்டு, "அப்போ இதையே செய்வோம். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு புள்ளி வைங்கம்மா," என்றாள்.

படக்காரம்மா பொறுமையாகப் புள்ளி வைத்தாள். "முடிஞ்சுது."

அட்டவணையைப் படத்தின் மேல் போடச் சொன்னால், தெரிந்த நட்சத்திரம் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் விழும். போட்டார்கள். வலப்பாதியில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளி. இடப்பாதி முழுக்க வெறும் வட்டங்கள்.

வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம் வரும். பூமிப் படத்துக்கு நேர்மாறு, மல்லாந்து படுத்து மேலே பார்ப்பதால்.

"கிழக்குப் பக்கம் ஒண்ணுகூட வெக்கலையேம்மா."

"எல்லாத்துக்கும் வெச்சாச்சு."

"இங்க பாருங்க, எத்தன வட்டம்." தங்கையும் எட்டிப் பார்த்து, "ஆமாக்கா," என்றாள்.

அவள் பார்த்தாள். விட்ட நட்சத்திரமும் தெரியவில்லை, விட்டதைக் காட்டிய வட்டமும் தெரியவில்லை. "ரெண்டு பேருமாச் சேந்துக்கிட்டு என்னப் பைத்தியமாக்கப் பாக்கறீங்க," என்றாள். பிசியோ பெண் போன பிறகு தங்கையிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் அதே படத்தை எடுத்தாள். எக்ஸ்ரே அறையில் ஒரு வழக்கம் உண்டு. படம் இடவலம் மாறி மாட்டியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், பிலிமைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பழகிய கைதான் யோசிக்காமல், திரையில் படத்தை இடவலமாகத் திருப்பும் பட்டனை அழுத்தியது.

அவள் புள்ளி வைத்த வானம் காணாமல் போயிற்று. அந்த இடத்தில் இன்னொரு வானம் நின்றது. வட்டங்களோடு, ஒரு புள்ளிகூட இல்லாமல், ஆள் காலே படாத மணல்போல. ஒரு நீல நட்சத்திரம், அதன் பக்கத்தில் மங்கலாக இரண்டு, கீழே சிதறினதுபோல் ஒரு கூட்டம். இவ்வளவும் நேற்று அவள் எதிரேதான் இருந்தன. அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் தனக்குத் தெரியாத ஒரு கதவு இருந்து, அது மெல்லத் திறந்து, உள்ளே தன்னுடைய சாமான்களே அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது. அந்தக் கதவு வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் அவள் செய்த வேலை இருக்கிறதே, அதைப் படக்காரம்மா மட்டும்தான் செய்ய முடியும். பிசியோ பெண் வருவதற்குள் தனியாக உட்கார்ந்து வலப்பாதிக்குப் புள்ளி வைப்பாள், படத்தைத் திருப்புவாள், மிச்சத்துக்கும் வைப்பாள், மறுபடி நேராக்கிவிடுவாள். பிசியோ பெண் வந்து பார்த்தால் வட்டம் தவறாமல் புள்ளி. ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தெரியாததைத் தெரிகிற பக்கத்துக்குக் கொண்டுவருவது தொழில்தானே.

தங்கை தலைகால் புரியாமல் மகனுக்குப் போன் போட்டாள். "உங்கம்மா நூத்துக்கு நூறுடா! இந்த சனிக்கெழமயே வா!"

வெள்ளிக்கிழமை கீழ்வீட்டில் இருந்த தங்கைக்குக் கருகல் வாடை வந்தது. ஓடி வந்தாள். இடப்பக்க அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் சிவந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கைப்பிடித் துணி புகைந்தது. அக்கா வலப்பக்க அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா இது? வானத்துல நூறு, அடுப்புல சைபரா?"

கருகிய பாத்திரத்தைத் தங்கை எடுத்து வலப்பக்கமாக நீட்டிய பிறகுதான் படக்காரம்மா அதைப் பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"படத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன்டி. அந்தப் பக்கத்த இந்தப் பக்கம் கொண்டுவந்து."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா."

"அடிப்பாவி! அப்போ அடுப்பையும் அப்படித் திருப்பு. ரோட்டையும் திருப்பு. லாரிக்காரன்கிட்ட சொல்லு, அண்ணே, நீங்க இந்தப் பக்கமா வாங்கன்னு."

கத்திவிட்டு அவளே ஜன்னலைத் திறந்து புகையை வெளியேற்றினாள். மகனுக்குப் போன் செய்து, "எனக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்ல, அடுத்த மாசம் வாடா," என்றாள். பொய்தான். அவளுக்கு அது கை வந்த கலை.

பிசியோ பெண்ணிடம் படக்காரம்மாவே சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை. திரையின் இடது ஓரத்தில் நீளமாக ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினாள். "படம் அசையக் கூடாதும்மா, நீங்கதான் அசையணும். இந்தச் சிவப்பு கண்ணுல படற வரைக்கும் தலையத் திருப்புங்க. பட்டாத்தான் முதல் புள்ளி."

சொல்வது சுலபம். தலை பாதி வழியில் நின்றுவிடும். எல்லாம் பார்த்தாயிற்று, இதற்கு மேல் ஒன்றுமில்லை என்று உடம்பே அடித்துச் சொல்லும். உடம்பின் பேச்சைக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். கழுத்து வலித்தது. அழுகையும் வந்தது, அதற்காக நிறுத்தவில்லை. தங்கை பின்னால் உட்கார்ந்து துணி மடித்தபடி, "இன்னும்... இன்னும்... கஞ்சத்தனம் பண்ணாத," என்பாள்.

நட்சத்திரம் அதிகமில்லாத இடங்களாகத் தேர்ந்தெடுத்தாள். கூட்டத்தில் தேடுவதைவிட ஆள் குறைந்த வராண்டாவில் தேடுவது நல்லது. முதலில் ஒன்று வந்தது. எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயேதான் இருந்தது, ஆனால் வந்ததுபோல் இருந்தது. அடுத்த வாரம் அதன் பின்னால் இரண்டு. மத்தியானங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அறையின் அரை இருட்டில் கிழக்கு விரல் அகலம் விரல் அகலமாக விரிந்தது, கடல் உள்வாங்கித் தரை தெரிவதைப்போல. ஒரு நாள் சிவப்பு டேப்பை ஒட்டினாற்போல் ஊசியளவு ஒளிக்கோடு ஒன்று சாய்ந்து கிடந்தது. பக்கவாட்டில் தெரியும் ஒரு விண்மீன் திரள், கோடி கோடிச் சூரியன்கள் சேர்ந்தது. அட்டவணையில் தேடினாள்.

"என்னக்கா, கல்யாணம் ஆனதா?"

"பேரன் பேத்தியே எடுத்தாச்சு," என்றாள் படக்காரம்மா. நோய் வந்த பிறகு அந்தப் பழைய கேலி அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை என்று தங்கை கவனித்துக்கொண்டாள்.

மகன் வந்தான். மாடி ஜன்னலில் அவனும் சித்தியும் நின்றார்கள். கீழே படக்காரம்மா சாலையோரம் வந்து நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள், அது சுலபம். பிறகு இடப்பக்கம் தலை திரும்பியது. பாதியில் நின்றது.

"போகப் போறா," என்றான் மகன். கை ஜன்னல் கம்பியை இறுக்கியது. "சித்தி, கூப்பிடு!"

"வாய மூடுடா."

கீழே அந்தத் தலை மறுபடி அசைந்தது. பிடிவாதமாக, துருப்பிடித்த திருகுபோல, முகவாய் தோளைத் தொடும்வரை திரும்பியது. பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பெண் ஏதோ வேடிக்கை என்று தானும் அந்தப் பக்கம் பார்த்தாள். ஒரு வேன் வந்தது, கடந்தது. படக்காரம்மா கால் எடுத்து வைக்கவில்லை. இன்னும் நின்றாள். அப்புறம் நடந்தாள். திரும்பி வரும்போதும் அதே மாதிரி நின்று, அதே மாதிரி திரும்பி, ரொட்டியோடு படியேறி வந்தாள்.

"வேன் போன அப்புறமும் எதுக்கும்மா நின்னே?"

"பின்னால சைக்கிள் வந்துச்சே. நீ பாக்கலையா?"

அவன் பார்த்திருக்கவில்லை. சித்தியைப் பார்த்தான். சித்தி சுவரைப் பார்த்தாள்.

"சரி, இரு," என்றான் கடைசியில். "ஆனா சித்தி பக்கத்துல இல்லாம அடுப்பு பத்த வெக்கக் கூடாது. அதுல பேச்சே இல்ல."

கருகிய பாத்திரத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னது யார் என்று படக்காரம்மா கேட்கவில்லை. நியாயமான நிபந்தனை. "சரி," என்றாள்.

அவன் முன்பே சொல்லிவைத்திருந்த வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனான். அவன் முதுகு மறைந்த பிறகு அவள் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை அதைப் பார்த்தும் பார்க்காததுபோல், ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "டீ போடட்டுமா?" என்றாள்.